அப்பாவுக்குக் குளியலறைக் குளிர்: வெப்ப விளக்கே நல்லது

மெல்பர்ன் வந்திருக்கும் அப்பா ஜூலைக் குளிரில் குளிக்கவே தயங்குகிறார், எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கூரையில் பதிக்கும் வெப்ப விளக்கைப் போடுங்கள். 275 வாட்டில் நான்கு, மொத்தம் 1100 வாட். அறை முழுக்கச் சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம். அகச்சிவப்புக் கதிர் நேரே உடம்பில் விழும். சுவிட்சைத் தட்டியதுமே காலை வெயில் முதுகில் பட்ட மாதிரி இருக்கும். என் அம்மா துவட்டும்போது ஈரத்தோளை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். அந்த நடுக்கமே போய்விட்டது.

விளக்கு ஷவருக்கு மேலே வேண்டாம், துவட்டும் இடத்துக்கு மேலே வரட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் கேளுங்கள். கூடவே ஓடினால் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம், வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள், இங்கே சட்டமும் அதுதான்.