குமிழ் எழாத நீர்: ‘ஃப்ரீ ஃபால்’ குறும்படம் குறித்த கேள்வி பதில்

2010-இல் வெளியான ‘ஃப்ரீ ஃபால்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவான படம். பஹாமாஸில் லாங் ஐலண்ட் தீவை ஒட்டிய கடலில், 202 மீட்டர் ஆழமுள்ள ‘டீன்ஸ் ப்ளூ ஹோல்’ என்ற குழிக்குள் பிரான்சைச் சேர்ந்த மூச்சடக்கி மூழ்கும் வீரர் கியோம் நேரி மூச்சை அடக்கிக்கொண்டு விழுகிறார். ஜூலி கோத்தியே அதைப் படம்பிடிக்கிறார். நீருக்கடியில் ஒளிப்பதிவு செய்பவன் என்ற முறையில், இப்படத்தைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஒருவர் குழிக்குள் குதிக்கிறார், பிறகு மேலே ஏறி வருகிறார். இதில் சோதனை முயற்சி என்று சொல்ல என்ன இருக்கிறது?

கதை என்று பார்த்தால் நீங்கள் சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை. படத்தின் நோக்கம் வேறு: நீரில் எடுத்த படத்தில் நீரையே மறைத்துவிடுவது. நேரி நீந்துவதில்லை. வெண்மணல் சரிவில் நடந்து விளிம்புக்கு வருகிறார், கைகளை விரிக்கிறார், மலையுச்சியிலிருந்து பாய்பவரைப் போல முன்பக்கமாகச் சாய்ந்து இருட்டுக்குள் விழுகிறார். அவரைச் சுற்றிலும் இருப்பது காற்றுதான் என்று நம் கண் நம்பிவிடுகிறது. அந்த மயக்கத்தைக் கலைக்கக்கூடிய காற்று உருளை, குழாய், காலில் அணியும் துடுப்பின் அசைவு போன்றவை சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. படம்பிடித்த கோத்தியேவும் காற்று உருளையிலிருந்து மூச்சு விட உதவும் ஸ்கூபா கருவி இல்லாமல், மூச்சை அடக்கியபடியேதான் எடுத்தார். இதைச் சாகசமாகச் சொல்கிறவர்களே அதிகம். எனக்கு அது அழகியல் சார்ந்த முடிவாகத் தெரிகிறது. ஸ்கூபாவில் ஒளிப்பதிவாளர் மூச்சு விடும்போதெல்லாம் குமிழ்க்கூட்டம் ஒன்று புறப்படும். ஒருமுறை, மேலிருந்து இறங்கி வரும் ஒருவரைக் கீழிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் குமிழ்களே அவர் முகத்தை மூடி, நல்ல ஷாட் ஒன்று வீணாயிற்று. தவிரவும், உருளை சுமந்தவர் மூச்சடக்கி மூழ்குபவரின் வேகத்துக்கு மேலும் கீழும் போய்வர முடியாது, போனால் உடம்புக்கு ஆபத்து. கோத்தியேவின் கேமரா நேரியோடு சேர்ந்தே விழுவது போலத் தோன்றுவதற்கு, படமெடுத்தவரும் அதே மூச்சுக் கணக்கில் இருந்தது ஒரு முக்கியமான காரணம்.

கேள்வி: மனித உடல் நீரில் மிதக்கும் என்றுதானே படித்திருக்கிறோம். அவர் எப்படிக் கல் போல விழுகிறார்?

மேற்பரப்பில், நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது மிதக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி அந்தக் காற்று பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். 30 மீட்டரில் கால் பங்காகிவிடும். உடல் அடைக்கும் இடம் குறையக் குறைய நீர் அதைத் தாங்கும் விசையும் குறைகிறது. ஏதோ ஓர் ஆழத்தில் அந்த விசையும் உடலின் எடையும் சமமாகி, அதற்குக் கீழே கை கால் அசைக்காமலேயே உடல் இறங்கத் தொடங்கும். மூழ்குபவர்கள் அந்தக் கட்டத்தைத்தான் ‘ஃப்ரீ ஃபால்’ என்கிறார்கள். தலைப்பும் அங்கிருந்தே வந்திருக்கிறது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். விமானத்திலிருந்து குதிப்பவரோ விநாடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் விழுகிறார். ஆகவே நாம் காண்கிற மெதுவான வீழ்ச்சி நீர் தானாகவே தருவது.

கேள்வி: உண்மையிலேயே 202 மீட்டர் ஆழத்தில் உள்ள தரையைத் தொட்டாரா? இல்லையென்றால் இது மோசடி அல்லவா?

தொடவில்லை. 2008-இல் நேரி படைத்த உலக சாதனையே 113 மீட்டர்தான், அதுவும் துடுப்பு அணிந்து. இந்தப் படம் ஒரே மூழ்கலில் எடுக்கப்பட்டதும் அல்ல; நான்கு பிற்பகல்களில், பல மூழ்கல்களில் எடுத்த காட்சிகளைத் தொகுத்திருக்கிறார்கள். இது புனைவு என்று எடுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். மேடையில் இறந்தவர் திரை விழுந்ததும் எழுந்து போவதை யாரும் மோசடி என்பதில்லை. சாதனைப் பதிவாக எண்ணிப் பார்ப்பவர்களுக்குத்தான் இதில் ஏமாற்றம்.

கேள்வி: நீருக்கடியில் எல்லாமே நீலமாகத்தானே தெரியும்? இதில் கறுப்பும் வெள்ளையும் இவ்வளவு துல்லியமாக வந்தது எப்படி?

இடத்தின் தயவு. சிவப்பு ஒளியை நீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும் என்பது சரி. ஆனால் அங்கே தெளிந்த நீர், உச்சி வெயில், வெயிலைத் திருப்பி வீசும் வெண்மணல் மூன்றும் சேர்ந்து விளிம்பை ஒளிரச் செய்கின்றன. குழி உள்ளே போகப் போக அகன்று விரிவதால், அங்கே ஒளிக்குத் திரும்பி வர வழியில்லை; அதனால் உட்புறம் கறுப்பாகத் தெரிகிறது.

கேள்வி: நாங்களும் முயன்று பார்க்கலாமா?

பயிற்சி பெற்ற துணை இல்லாமல் நீச்சல் குளத்தில்கூட வேண்டாம். நினைவு தப்புவது பெரும்பாலும் மேலே வரும்போது, மேற்பரப்பை நெருங்கிய பிறகுதான் நேர்கிறது.

கேள்வி: கோத்தியே பிறகு எடுத்த ‘ஆமா’ படத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேர் எதிரான தொடர்பு. 2018 மார்ச் 8 அன்று வெளியான அந்தப் படத்தில் கோத்தியே கேமராவுக்கு முன்னால் வந்து தாமே நடனமாடுகிறார். இடம், இத்தாலியில் பாதுவா நகருக்கு அருகே உள்ள ‘ஒய்-40’ என்னும் ஆழ்குளம். நடன அமைப்பு ஒஃபெலி லோங்கே. மூச்சடக்கி மூழ்கும் ஜப்பானியப் பெண்களைக் குறிக்கும் சொல்தான் ‘ஆமா’. (நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் ஆண்கள்.) தம் வாழ்வின் பெருந்துயரை அழகால் போர்த்தி, பாரம் தெரியாமல் இருக்க நீரில் அமிழ்த்தியதாகக் கோத்தியே எழுதியிருக்கிறார்.

முதல் படத்தில் நீரை ஒளித்து வைத்தவர், இதில் நீரின் தடையையே நடனத்துக்குத் துணையாக்கிக்கொள்கிறார். கை ஒன்று உயரவே நெடுநேரம் ஆகிறது. முன்பு குமிழ் எழாமல் பார்த்துக்கொண்ட அதே கலைஞர், இங்கே தம் வாயிலிருந்து பெரிய குமிழ் ஒன்றை வேண்டுமென்றே விடுகிறார். அது மேலே போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.