வாசகர் கேள்வி – பதில்: பழைய துருக்கித் தொப்பிகள்

கேள்வி: 1990 ஒக்டோபரில் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்கள் மூத்தவாப்பா எடுத்துச் சென்ற சிவப்புத் துருக்கித் தொப்பி, புத்தளத்து உறவினர் வீட்டிலிருந்து அண்மையில் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் வயதையும் செய்யப்பட்ட இடத்தையும் எவ்வாறு அறிவது? – வாசகி, தண்ணீரூற்று, முல்லைத்தீவு

பதில்: வடக்கு முஸ்லிம்கள் தங்கள் உடைமைகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டே செல்ல நேர்ந்ததால், உடையவர் இன்னார் என்று தெரிந்த பழைய தொப்பி ஒன்று வன்னியில் இருப்பது பெரிய பேறு. அவருடைய பெயர், தொழில், எந்த நாள்களில் அதை அணிந்தார் என்பவற்றை வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு இன்றே ஒரு தாளில் எழுதித் தொப்பியுடன் வையுங்கள்.

அடுத்து, பக்கத்தில் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். முறைப்படி செய்யப்பட்ட தொப்பி, கம்பளி நூலால் பெரிதாகப் பின்னப்பட்டு, வெந்நீரில் அடித்துச் சுருக்கி இறுக்கப்பட்டு, சாயமேற்றப்பட்டு, உலோக அச்சில் சூடாக்கி வடிவமைக்கப்படுவதால் அதில் தையல் இராது. கம்பளித் துணியை வெட்டி ஒட்டியோ தைத்தோ செய்தவை பெரும்பாலும் பிற்கால மலிவுச் சரக்குகள். உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வந்தால் அது கம்பளி.

காலத்தைச் சொல்வது உட்புறத்தில் உள்ள செய்தவரின் முத்திரையே. ஐரோப்பாவில், இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவின் ஸ்ட்ராகோனிட்சே நகரம் இத்தொப்பிகளைப் பெருமளவில் செய்து ஏற்றுமதி செய்தது. பொஹீமியா 1918 வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்து, பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவில் சேர்ந்ததால், முத்திரையில் உள்ள நாட்டின் பெயரே ஓரளவு காலத்தைக் காட்டிவிடும். துருக்கியில் 1925இல் இத்தொப்பி தடைசெய்யப்பட்டது. அங்கு இலத்தீன் எழுத்து வந்தது 1928இல். எனவே இலத்தீன் எழுத்தில் துருக்கி மொழி அச்சிடப்பட்ட தொப்பி, பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கும்.

எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்து, 1901 வரை இங்கிருந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் தோற்றமே இலங்கை முஸ்லிம்களிடையே இத்தொப்பியைப் பரப்பியது என்பர். 1905இல் யாழ்ப்பாணத்து அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் அதை அணிந்து வாதாடுவதற்கு உயர் நீதிமன்றம் மறுப்புத் தெரிவித்தபோது, அவர் அதைக் கழற்ற இணங்காமல் வெளியேறினார். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் பெரும் கண்டனக் கூட்டம் கூட்டினர். உங்கள் மூத்தவாப்பாவின் தலைமுறை இத்தொப்பியை எத்தகைய மதிப்புடன் அணிந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. உட்துணி கிழிந்திருந்தாலும் குஞ்சம் உதிர்ந்திருந்தாலும் அவற்றை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நான் சேர்த்துவரும் தொப்பிகளில் அழுக்குப் படிந்துள்ளது, ஒன்றில் பூச்சி அரித்த துளைகளும் உள்ளன. சவர்க்காரம் இட்டுக் கழுவலாமா? விசேட நாள்களில் அணியலாமா? – வாசகர், செட்டிகுளம்

பதில்: கழுவவே கூடாது. தண்ணீர் பட்டால் சாயம் கரையும், கம்பளி மேலும் சுருங்கும், விறைப்புப் போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்தால் செம்மண் புழுதி பெருமளவு போகும். துளைகளுக்கு அந்துப்பூச்சியின் புழுக்களே பெரும்பாலும் காரணம் என்பதால், அத்தொப்பியை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து, பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில், சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின், பை முழுவதும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

மாரி மழையின் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். கோடை வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆதலால், கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளே நிரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டைப் பெட்டியில், நிலத்திலிருந்து உயர்ந்த இடத்தில் வையுங்கள். தகரப் பெட்டி வேண்டாம். துருக் கறை போகவே போகாது.

அணிவதற்குப் புதிய தொப்பி ஒன்றை வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வியர்வையும், நம்மவர் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் கம்பளிக்குப் பெரும் பகை. பழையதை அணிந்தே தீரவேண்டுமாயின், உள்ளே மெல்லிய வெள்ளைப் பருத்தித் தொப்பி ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். துருக்கியை ஆண்ட உஸ்மானியர் காலத்திலும் அவ்வழக்கம் இருந்தது. இறுக்கமாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

கேள்வி: நான் முஸ்லிம் அல்லன். பாடசாலை நாடகத்தில் இத்தொப்பியை அணிவது முறையாகுமா? – மாணவர், வவுனியா

பதில்: உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் தம் அதிகாரிகளுக்கு இதை உரிய தலையணியாக்கினார், அவர் நாட்டில் கிறித்தவர்களும் யூதர்களும் இதை அணிந்தனர். எனவே பிறர் அணிவதில் தவறில்லை. ஆனால் இங்கு இது முஸ்லிம் மூத்தவர்களின் அடையாளமாகவே பார்க்கப்படுவதால், கோமாளிப் பாத்திரத்துக்குச் சூட்டாதீர்கள். புருவத்துக்குச் சற்று மேலே நேராக வைத்து, குஞ்சத்தைப் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ தொங்கவிடலாம்.