16 நாளில் 7 ஊர்: பாஸா, தனி டிக்கெட்டா?

கேள்வி: நாங்கள் 4 பேர். பெண்ணுக்கு 14 வயது, பையனுக்கு 9. செப்டம்பரில் 16 நாள் ஐரோப்பா போகிறோம். பாரிஸில் இறங்கி ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ரோம் பார்த்துவிட்டு, மறுபடி பாரிஸ் வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா?

பதில்: பாஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 'மறுபடி பாரிஸ்' என்பதை அடித்துவிடுங்கள். ரோமிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் வந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானம் என்றால் 4 டிக்கெட், அதற்கு மேல் பெட்டிக் கட்டணம். இறங்கிய ஊரிலேயே திரும்ப ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விமான நிறுவனங்களின் தளத்தில் 'மல்டி சிட்டி' என்று ஒரு வசதி இருக்கும். போவது பாரிஸுக்கு, வருவது ரோமிலிருந்து என்று அதில் போட்டுப் பாருங்கள். பல நேரம் சாதாரண போய்வரும் டிக்கெட் விலையை ஒட்டித்தான் வரும். இதையே இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினால் பெரும்பாலும் விலை எகிறிவிடும்.

அடுத்தது வரிசை. புடாபெஸ்டிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் போக வசதியான வழி வியன்னா பக்கமாகத்தான். வியன்னாவை முதலில் பார்த்துவிட்டு புடாபெஸ்ட் போனால், வந்த பாதையிலேயே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் பிராகிலிருந்து நேரே புடாபெஸ்ட் போய்விடுங்கள், சுமார் 7 மணி நேரம். அங்கிருந்து வியன்னாவுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் வெனிஸ். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பிராகுக்கு 'ஐரோப்பியன் ஸ்லீப்பர்' என்ற இரவு ரயில் 2024 மார்ச்சிலிருந்து ஓடுகிறது, ஓர் இரவு ஓட்டல் செலவு மிச்சம். ஆனால் அது தினமும் கிடையாது. அது ஓடும் தேதியை முதலில் பிடித்துக்கொண்டு மற்ற ஊர்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் பால், ரொட்டியை சனியன்றே வாங்கிவிடுங்கள். ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டெல்லாம் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கதி.

சரி, பாஸ். பையனுக்கு 12 வயது ஆகாததால் உங்களோடு இலவச பாஸ் கிடைக்கும், பெண்ணுக்கு இளைஞர் கட்டணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் இருந்தாலே ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களில் அப்படி ஏறலாம். பிரான்ஸின் டிஜிவி, பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் ஓடும் யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக ரயில்கள் இவற்றில் இருக்கைப் பதிவு கட்டாயம். அதற்குத் தனியாகப் பணம், இலவச பாஸ் வைத்திருக்கும் பையனுக்கும் சேர்த்து. அதிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்கள் கொஞ்சம்தான். ஒருமுறை கையில் பாஸ் இருந்தும் எனக்கு அந்த ஒதுக்கீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வண்டிக்கு அதே கவுன்டரில் முழு விலை டிக்கெட் கிடைத்தது! பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். இத்தாலியில் ஓடும் 'இட்டாலோ' ரயில்களில் யூரெயில் பாஸ் செல்லவே செல்லாது.

உங்களுக்குத் தேதி முடிவாகிவிட்டது, மொத்தமே 6 பயணம். முன்பதிவு திறந்ததும் தனித்தனி டிக்கெட் எடுப்பதே என் கணக்குப்படி மலிவு. எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான டிக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் போனதுதான். நாளைக்கு எந்த ஊர் என்பதைக் காலையில் எழுந்து முடிவு செய்கிறவர்களுக்குத்தான் பாஸ்.

இன்னொன்று. 16 நாளில் 7 ஊர் அதிகம். ஊர் மாறும் நாளில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் அறை கிடைக்கும் வரை பெட்டியோடு அலைந்து பாதி நாள் ஓடிவிடும். நானாக இருந்தால் ஆம்ஸ்டர்டாமை விட்டுவிடுவேன். பெண் கோபித்துக்கொண்டால் என்னைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: இதே மாதிரி பல நாட்டுப் பயணத்துக்கு விசா எந்த நாட்டிடம் கேட்பது? முதலில் இறங்கும் நாடுதானே?

பதில்: இல்லை. ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், அதிக நாள் தங்கும் நாடு எதுவோ, அதனிடம்தான். நாள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. மேலே கேட்டவர் பாரிஸில் இறங்கினாலும், வெனிஸையும் ரோமையும் சேர்த்தால் இத்தாலியில்தான் அதிக நாள். அவர் இத்தாலியிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நடுவில் லண்டனை எட்டிப் பார்க்க நினைத்தால் அதற்குத் தனி விசா. திரும்பி ஷெங்கனுக்குள் நுழைய, இருமுறை நுழைவாவது அனுமதிக்கும் விசாவும் வேண்டும்.

கேள்வி: யூரோ மட்டும் கொண்டுபோனால் போதுமா?

பதில்: செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். பல கடைகளில் யூரோவும் வாங்குவார்கள், மாற்று விலை அவர்கள் வைத்ததுதான். கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா' என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் அப்படியே. தெரிந்த எண்ணாகத் திரையில் வரும்போது கை தானாக அங்கே போகும், அதற்குள் அவர்கள் லாபம் ஒளிந்திருக்கிறது.

பிராகில் '0% கமிஷன்' என்று போர்டு வைத்த கடையில் கமிஷன் இருக்காது, மாற்று விலையில் பிடித்துவிடுவார்கள். நோட்டைக் கொடுப்பதற்கு முன்பே கையில் எத்தனை கொருனா வரும் என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டால் ரசீதை வீசிவிடாதீர்கள்: 2019 ஏப்ரலிலிருந்து உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான பணமாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதனால் மாற்றியதும் நேரே ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிடாமல், முதலில் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.