கருத்துச் சுதந்திரம் எங்கே முடிகிறது, வெறுப்புப் பேச்சு எங்கே தொடங்குகிறது?

யார் மனமாவது புண்பட்டதா என்று பார்த்துக் கோடு போட்டால் கோடு தப்பான இடத்தில்தான் விழும். 1976இல் ஹேண்டிசைடு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: அரசையோ மக்களில் ஒரு பகுதியினரையோ புண்படுத்துகிற, அதிரவைக்கிற, அமைதியிழக்கச் செய்கிற கருத்துக்கும் பாதுகாப்பு உண்டு. எல்லாரும் தலையாட்டுகிற கருத்துக்கு மட்டும் சுதந்திரம் என்றால் அப்படியொரு உரிமையே தேவையில்லை.

பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. பேச்சு யாரை அல்லது எதைக் குறிவைக்கிறது? கேட்பவரை எதை நோக்கித் தள்ளுகிறது?

நிஜமான எந்தச் சமூகத்தையும் இழுக்க வேண்டாம், இடதுகைப் பழக்கம் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். "இடது கையால் எழுதுவது பாவம்" என்று ஒருவர் சொல்கிறார். அசட்டு நம்பிக்கைதான், ஆனால் கருத்து. எதிர்த்துப் பேசலாம், கிண்டல் செய்யலாம், வழக்குப் போட ஒன்றுமில்லை. "இடதுகையர் சங்கப் பொருளாளர் பணத்தைச் சுருட்டிவிட்டார்" என்பது தனியொருவர் மீதான குற்றச்சாட்டு. பொய்யென்றால் அவதூறு, வெறுப்புப் பேச்சு அல்ல. "இடதுகைக்காரன் எல்லாருமே திருடன்" என்னும்போது இலக்கு மாறுகிறது. ஒருவர் செய்த தப்பு ஒரு கூட்டத்தின் குணமாகிவிட்டது. "இவர்களுக்கு வீடு வாடகைக்கு விடாதீர்கள், வேலை கொடுக்காதீர்கள்" என்பது பாகுபாட்டுக்கான அழைப்பு. "இதெல்லாம் கரப்பான்கள், நசுக்கினால்தான் சுத்தமாகும்" என்பதில் மனிதர்கள் பூச்சியாகிவிட்டார்கள். கடைசியாக, கொதித்துப்போய்க் கூடி நிற்கும் கும்பலிடம் ஒருவர் சொல்கிறார்: "இந்தத் தெருவில் இடதுகைக்காரர்கள் இருப்பது இந்த மூன்று வீடுகளில்." இதில் ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லை. ஆனால் மொத்த வரிசையிலும் ஆபத்தானது இதுதான்.

இது கற்பனையில் மட்டும் நடப்பதல்ல. ருவாண்டாவில் 1993இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது; 1994 இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தபோது ஆட்களின் பெயரையும் இருக்கும் இடத்தையும் வாசித்தது. பின்னர் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் வானொலியை நடத்தியவர்கள் மீது நடந்த வழக்கில், 2007 மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒரு நுட்பமான பிரிப்பைச் செய்தது. படுகொலை வெடிக்கும் முன், அதாவது 1994 ஏப்ரல் 6க்கு முந்தைய மாதங்களின் ஒலிபரப்புகள் இன வெறுப்பைத் தூண்டியவைதான், ஆனால் இனப்படுகொலைக்கு நேரடியாகத் தூண்டின என்பது நிரூபிக்கப்படவில்லை. அதற்குப் பிந்தையவற்றில் நேரடித் தூண்டுதல் உண்டு. ஒரே வானொலி, இரண்டு வேறு சட்ட நிலைகள். வெறுப்புப் பேச்சு, வன்முறைக்கான தூண்டுதல் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

சர்வதேசச் சட்டத்தின் அடிப்படை, 1966இல் ஐநா ஏற்ற குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கை. பேச்சைக் கட்டுப்படுத்த அதன் 19ஆவது பிரிவு வைக்கும் நிபந்தனைகள் கடுமையானவை: கட்டுப்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறர் உரிமை, பொது ஒழுங்கு போன்று அங்கே பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றுக்காக இருக்க வேண்டும், உண்மையிலேயே அவசியமாக இருக்க வேண்டும். 20ஆவது பிரிவு, தேச, இன, மத வெறுப்பைப் பரப்பி அதன் வழியே பாகுபாடு, பகைமை, வன்முறை ஆகியவற்றுக்குத் தூண்டுவதைத் தடை செய்யச் சொல்கிறது. "அடி" என்று சொன்னால்தான் தூண்டுதல் என்று நினைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பாகுபாட்டுக்குத் தூண்டுவதும் இதில் அடங்கும்.

நாடுகள் வேறுபடுவது, மேலே சொன்ன வரிசையில் எந்த இடத்தில் கதவை மூடுவது என்பதில். அமெரிக்கா ஏறக்குறைய கடைசியில் மூடுகிறது. அதன் உச்ச நீதிமன்றத்தின் 1969 பிராண்டன்பர்க் தீர்ப்பின்படி, பேச்சைத் தண்டிக்க வேண்டுமென்றால் உடனடிச் சட்டமீறலை நோக்கிப் பேசியிருக்க வேண்டும், அது நடக்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். நேரடி மிரட்டலுக்கு அங்கேயும் பாதுகாப்பில்லை. ஜெர்மனி வெகு முன்னாலேயே மூடுகிறது. குற்றவியல் சட்டத்தின் 130ஆவது பிரிவில், பொது அமைதியைக் குலைக்கக்கூடிய விதத்தில் ஒரு மக்கள் பிரிவின் மீது வெறுப்பைத் தூண்டினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கனடா நடுவில் நிற்கிறது. அதன் உச்ச நீதிமன்றம் 2013 வாட்காட் வழக்கில், கேலி செய்வது, சிறுமைப்படுத்துவது என்ற சொற்களை ஒரு மாகாணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, அருவருத்து ஒதுக்கச் செய்யும் அளவுக்கான தீவிர வெறுப்பை மட்டும் தடைக்குள் வைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது மூன்றைப் பிரித்துக் காட்டியது: விவாதிப்பது, ஒன்றுக்காக வாதாடுவது, தூண்டுவது. மூன்றாவதை எட்டும்போதுதான் கட்டுப்பாடு வரலாம்.

குறிப்பிட்ட ஒரு பேச்சை எடைபோட என் கணக்கில் இருப்பதிலேயே உருப்படியான கருவி 2012இல் ஐநா முயற்சியில் உருவான ரபாத் செயல்திட்டம். அது ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு. பெரும்பாலான விவாதங்கள் உள்ளடக்கத்தோடு நின்றுவிடும். பல நேரம் முடிவைத் தீர்மானிப்பது பேசியவரும் வாய்ப்பும்தான். பத்துப் பேர் பின்தொடரும் ஒருவர் எரிச்சலில் கொட்டிய வரியும், கலவரம் புகைந்துகொண்டிருக்கும் ஊரில் ஒரு தலைவர் மேடையில் சொன்ன அதே வரியும் ஒன்றல்ல. தலைவர் சொன்னால் தொண்டர் காதில் அது உத்தரவாக விழும்.

நோக்கத்தைச் சோதிக்க நல்ல உதாரணம் 1994 யெர்சில்ட் வழக்கு. டென்மார்க் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் இனவெறி இளைஞர்களைப் பேட்டி எடுத்து ஒளிபரப்பினார். பேசிய இளைஞர்களோடு அவருக்கும் தண்டனை. ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இனவெறியைப் பரப்புவது அல்ல, அதை அம்பலப்படுத்துவதே நிகழ்ச்சியின் நோக்கம் என்றது. அந்த இளைஞர்களின் சொற்களுக்கு மட்டும் பாதுகாப்பில்லை. வெறுப்பு வீடியோவைக் கண்டித்துப் பகிர்ந்தவரின் கணக்கை முடக்கிவிட்டு மூலப் பதிவை விட்டுவைக்கும் சமூக ஊடகத் தளங்கள் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. சொற்களை மட்டும் தேடும் வடிகட்டி அப்படித்தான் நடந்துகொள்ளும். திட்டுச் சொல்லைத் தானே எடுத்துப் பெருமையாகச் சூட்டிக்கொள்ளும் சமூகம் அதில் மாட்டும், சங்கேதச் சொல்லில் எழுதுகிற வெறியர் தப்பிப்பார்.

மத நிந்தனையை இதோடு சேர்க்காதீர்கள். ஐநா மனித உரிமைக் குழு 2011இல் தன் 34ஆவது பொதுக் கருத்துரையில், 20ஆவது பிரிவின் எல்லைக்குள் வருவதைத் தவிர மற்ற நிந்தனைச் சட்டங்கள் உடன்படிக்கைக்கு ஒவ்வாதவை என்றது. நம்பிக்கையை விமர்சிக்கலாம், நம்புகிறவர்களை வேட்டையாடச் சொல்லக் கூடாது. "மனம் புண்பட்டது" என்பதையே குற்றத்தின் அளவுகோலாக வைத்தால், யார் சத்தமாகப் புண்படுகிறாரோ அவருக்குச் சட்டம் கைக்கருவியாகிவிடும். சிறுபான்மையைக் காக்க எழுதிய பிரிவு சிறுபான்மையின் மீதே பாய்வது இப்படித்தான்.

புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் இணைப்பு, தேதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் வேண்டும். வீடியோ என்றால் சர்ச்சைக்குரிய வரிக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களைச் சேர்த்தே சேமியுங்கள். வெட்டிய துண்டை வைத்துப் போட்ட வழக்கு, முழு வீடியோ வந்ததும் படுத்துவிடும். பேசியவரின் பதவி, கேட்டவர்கள் யார், அந்த நேரத்தில் ஊர் நிலவரம், எத்தனை முறை பகிரப்பட்டது என்பதை வரிவரியாக எழுதுங்கள். "மிகவும் மோசமாகப் பேசினார்" என்று எழுதாமல், எந்த மக்களை, என்ன செய்யச் சொல்லி என்று குறிப்பிடுங்கள். தளத்தின் விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு என்பதால் இரண்டு புகாரும் தனித்தனியாகப் போக வேண்டும். தளம் நீக்கியதாலேயே அது குற்றமாகிவிடாது, விட்டுவைத்ததாலேயே சட்டப்படி சரியென்றும் ஆகாது. தளத்துக்குப் புகார் அனுப்பும் முன்பே நகலை எடுத்துவையுங்கள், நீக்கிய பிறகு ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டிவரும். கண்டிக்கிறேன் என்று அந்தப் பதிவை அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பரவலையும் எடைபோடுவார்கள் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கில் உங்கள் பகிர்வும் ஏறும்.