டெனிடோஸ்: மலாயாவிலா, கொழும்பிலா?

வணக்கம். டெனிடோஸ் என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலுடன் மலாயாப் பக்கம் போனதாக ஒரு குறிப்பும், கொழும்பில் மூழ்கியதாக இன்னொன்றும் சொல்வதால் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி, தயங்காமல் எழுதுங்கள்.

1941 டிசம்பர் 8 மாலை சிங்கப்பூரிலிருந்து, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு பெரிய கப்பல்கள் இருந்த படையோடு டெனிடோஸ் கிளம்பியது. 1918-இல் வெள்ளோட்டம் விட்ட பழைய கப்பல், எரிபொருள் கொள்ளளவு குறைவு. அதனால் மறுநாள் மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 10-ஆம் தேதி காலை ஜப்பானிய விமானங்கள் முதலில் குண்டு வீசியது தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த இதன்மேல்தான்! ஒன்றும் படவில்லை. பெரிய கப்பல்கள் இரண்டும் அன்று மதியம் மூழ்கின. உயிர் தப்பியவர்களை மீட்டது எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், வாம்பயர் ஆகிய மற்ற நாசகாரிகள். அந்தப் பட்டியலில் டெனிடோஸைச் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் டெனிடோஸ் மூழ்கியது.