அப்பாவின் வண்டியும் நம் கையால் பிறக்கும் வண்டியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார்களை, அதாவது புகழ்பெற்ற பழைய கார்களின் உருவத்தில் புதிதாகக் கட்டப்படும் பிரதிகளை, பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன்; அவற்றைக் கட்டுகிறவர்களைக் கலைஞர்கள் என்றும் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் எஞ்சினைப் பற்றிக் கேட்டவர்களைவிட, அப்பாவைப் பற்றியும் கணவரைப் பற்றியும் எழுதியவர்களே அதிகம். அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரெப்ளிகா என்று நாகரிகமாகச் சொன்னாலும் அது போலிதானே? போலியைக் கட்டுகிறவர்களைக் கலைஞர்கள் என்று நீங்கள் எழுதியது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. உலகில் மிக அதிகமாகப் பிரதி எடுக்கப்படும் கார்களுள் ஒன்றான கோப்ராவையே பாருங்கள். இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் 1953 முதல் செய்துவந்த ஏஸ் என்ற சிறிய திறந்த காரில் அமெரிக்க ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைப் பொருத்தலாம் என்று நினைத்தவர் கேரல் ஷெல்பி. 1959-இல் பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் கார் பந்தயத்தை வென்று, அடுத்த ஆண்டே இதயக் கோளாறு காரணமாகப் பந்தயத்திலிருந்து விலகியவர் அவர். 1962-இல் பிறந்த கோப்ரா, ஒரு நாட்டின் உடலும் இன்னொரு நாட்டின் எஞ்சினும் சேர்ந்த கலப்பு மணம். அந்தப் பத்தாண்டில் கட்டப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள்தாம். அவற்றுள் முதலாவது 2016-இல் நடந்த ஏலத்தில் 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அப்படியொரு வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஓர் ஆசிரியருக்கோ மெக்கானிக்குக்கோ தானே கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அசலைச் செய்த நிறுவனங்களே பின்னாளில் திரும்பச் செய்ததும் உண்டு. ஜாகுவார் நிறுவனம் 1963-இல் எடைகுறைந்த ஈ-டைப் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு 12-உடன் நிறுத்திக்கொண்டது. மீதி ஆறையும் அரை நூற்றாண்டு கழித்து, 2014 முதல், விடுபட்ட வரிசை எண்களிலேயே கட்டிக்கொடுத்தது. அவற்றை அசல் என்பதா, பிரதி என்பதா என்று அறிந்தவர்களே இன்றும் வாதிடுகிறார்கள்.

என் அளவுகோல் எளியது. வண்டியைக் கட்டியவர் ‘இது நான் கட்டியது, இந்த ஆண்டில் கட்டியது’ என்று வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் தகட்டில் வெளிப்படையாக எழுதியிருந்தால், அதில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை. பழைய எண்ணொன்றைப் பொறித்து, துருவையும் தேய்மானத்தையும் செயற்கையாக ஏற்றி, அசல் என்று விற்கிறவரே போலி செய்கிறவர். முன்னவரைப் பின்னவரோடு சேர்த்துத் திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: என் அப்பாவின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பதினைந்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அப்பா தம் அலமாரிக் கதவின் உட்புறம் போர்ஷே ஸ்பீட்ஸ்டர் படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தார். கடைசிவரை அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. பீட்டிலின் அடிப்பாகத்தில் ஸ்பீட்ஸ்டர் பிரதியைக் கட்டலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் அவர் கனவை நிறைவேற்றியவனாவேனா, அவர் வண்டியை அழித்தவனாவேனா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் பீட்டில்தான் இருந்தது. பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே, சாமான் வைப்பதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும்; நீண்ட பயணங்களில் நானும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு அதற்குள் சுருண்டு படுப்போம். எஞ்சின் அதற்கு நேர் பின்னால் இருந்ததால், அந்தத் தகரம் வெதுவெதுப்பாக இருக்கும். காதை அதில் வைத்தால், அப்பா கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்னதாகவே, மாற்றப்போகிறார் என்று தெரிந்துவிடும். ஆகவே உங்களுக்கு நான் எழுதுவது நடுநிலையாளரின் பதில் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது உண்மைதான். போர்ஷே நிறுவனத்தின் ஃபெர்ரி போர்ஷே 1948-இல் 356 என்ற மாடலின் முதல் காரை உருவாக்கியபோது ஃபோக்ஸ்வாகனின் எஞ்சினையும் அச்சுப் பாகங்களையும் அடிப்படையாகக் கொண்டார். காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் பின்பக்கம் இருக்கும் அமைப்பு பீட்டிலுக்கும் விற்பனைக்கு வந்த 356-க்கும் பொது. 1954-இல் வந்த ஸ்பீட்ஸ்டர், அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதால், தாழ்ந்த கண்ணாடியும் மெல்லிய கூரையுமாக எளிமைப்படுத்தப்பட்ட 356-தான். எனவே பீட்டிலின் அடிப்பாகத்தின்மேல் ஸ்பீட்ஸ்டர் உடலை வைப்பது, பெண் தாய்வீட்டுக்குத் திரும்புவதைப் போன்றது. அசலுக்கு இவ்வளவு நெருங்கிய உறவுள்ள பிரதிகள் மிகக் குறைவு.

ஆனால் ஒரு வெட்டு தேவைப்படும். பீட்டிலின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,400 மி.மீ. இருக்கும், 356-இல் அது 2,100 மி.மீ. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, தரைத்தட்டை நடுவில் ஏறத்தாழ 30 செ.மீ. அறுத்தெடுத்து மீண்டும் பற்றவைக்கிறார்கள். நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற குழலுக்குள்தான் கியர் கம்பி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. அவை அனைத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அந்த வெல்டிங் நேராக அமையாவிட்டால், வண்டி வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும்.

எதையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பின்னிருக்கையைத் தூக்கி, நடுக்குழலின் மேல் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே சேஸிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பிவரும். அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். பிறகு அந்தக் குழல் திடமாக இருக்கிறதா என்று சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். பேட்டரி இருக்கும் இடத்தில் தரை முதலில் துருப்பிடிப்பது பீட்டிலின் பிறவிக் குணம். இருபக்கத் தரைத்தகடுகளும் புதிதாகக் கிடைக்கின்றன; பழையதை வெட்டி எடுத்துவிட்டு அவற்றைப் பற்றவைக்கலாம். குழல் உறுதியாக இருந்தால் உங்கள் அப்பாவின் வண்டி இன்னும் சாகவில்லை என்று பொருள்.

அப்படியானால் அதை வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. உலகில் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டன. மேல்பாகம் முற்றிலும் அழிந்து, அடிப்பாகம் மட்டும் எஞ்சியவை ஏராளம். அவற்றுள் ஒன்றைத் தேடி, அதை வெட்டி ஸ்பீட்ஸ்டர் கட்டுங்கள். சேஸிஸை வெட்டிவிட்டால் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்வதில் சிக்கல் வரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் நாட்டுப் பதிவு அலுவலகத்தின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வண்டிகளுக்கு இடமோ பணமோ இல்லாமல், குழலும் துருவேறிப் போயிருந்தால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் மட்டும் எடுத்துப் புதிய வண்டியில் பொருத்துங்கள். ஸ்பீட்ஸ்டரின் தாழ்ந்த கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் அமர்ந்திருக்கும்போது, முதுகுக்குப் பின்னே கேட்கும் ஒலி உங்கள் அப்பா கேட்ட அதே ஒலியாக இருக்கும். அவர் வண்டியை அழித்ததாக அப்போது யாரும் உங்களைச் சொல்ல முடியாது.

கேள்வி: வீட்டில் கட்டும் கார்கள் இங்கிலாந்தில் மட்டும் ஏன் அவ்வளவு பெருகின?

முதன்மையான காரணம் வரி. முழுமையாகக் கட்டிய புதிய காருக்கு அங்கே கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அது இல்லை. 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த கார் இந்த வழியில்தான் ஏராளமான இளைஞர்களின் கைக்கு வந்தது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்றுவரை அதைச் செய்துவருகிறது. வரிச்சலுகை போனபின்னும் வழக்கம் போகவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு தலைமுறையே ஸ்பானரைப் பிடிக்கக் கற்றிருந்தது.

கேள்வி: என் கணவர் நான்கு ஆண்டுகளாக வார இறுதி முழுவதையும் ஒரு கோப்ரா பிரதியோடு கழிக்கிறார். இப்போது எட்டு வயது மகளும் உடன் போகிறாள். ஃபைபர் கிளாஸ் நெடி வீடு முழுவதும் வருகிறது. நான் தடுக்க வேண்டுமா?

அந்த நெடிக்கு நீங்கள் தடை போடத்தான் வேண்டும். ஃபைபர் கிளாஸ் உடலுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவிதான் அது. குழந்தை அதைச் சுவாசிக்கக் கூடாது. காய்ந்த உடலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூசியும் அப்படியே. ரெசினோடு கடினமாக்கும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே கலக்க வேண்டும். நான் முதன்முதலில் கலந்தபோது அவசரத்தில் அளக்காமல் ஊற்றிவிட்டேன். சில நிமிடங்களில் கிண்ணம் கையில் சுட்டது, புகைந்தது, அடிப்பகுதி உருகி மேசையில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு மேசையில் இன்னும் இருக்கிறது. ரெசின் வேலை நடக்கும் நாளில் மகள் கொட்டகைக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்தக் கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால், அந்த வேலையை மட்டும் வேறிடத்துக்கு மாற்றச் சொல்வதும் உங்கள் உரிமை.

மற்ற நாள்களில் தயவுசெய்து தடுக்காதீர்கள். போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடுவது, வயர்களின் முனையில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, அலுமினியத் தகட்டில் அப்பா துளையிட்ட இடத்தில் கை ரிவெட்டரை அழுத்துவது ஆகியவை எட்டு வயதுக் கைக்கு ஏற்ற வேலைகள். பிரேக் குழாய் இணைப்பையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் மட்டும், கட்டியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அனுபவமுள்ள இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளையேனும் உங்களுக்காக ஒதுக்கும்படி கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. வண்டி இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: எனக்கு எழுபத்தெட்டு வயது. திருமணமான புதிதில் என் கணவர் லோட்டஸ் செவன் ஒன்றைப் பாகங்களாக வாங்கிக் கட்டினார். குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டோம். இப்போது என் மகன் அதே உருவத்தில் ஒரு வண்டியைத் தானே கட்டி என்னை முதலில் ஏற்றிச் சென்றான். ‘அப்பாவுடையதைப் போலவே இருக்கிறதா அம்மா?’ என்று கேட்டான். ஆமாம் என்றேன். உண்மையில் அப்படி இல்லை. நான் செய்தது தவறா?

அம்மா, தாங்கள் சொன்னது அன்பினால் சொன்னது. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தங்கள் மகனுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றே வேண்டிக்கொள்கிறேன். பல நூறு மணி நேரம் உழைத்து ஒரு வண்டியைக் கட்டியவர், அதில் எது சரியாக வரவில்லை என்பதை அறியத்தான் ஏங்கிக்கொண்டிருப்பார். பழைய படங்களிலிருந்து வண்டியின் உருவத்தை அவர் பிடித்திருக்கலாம். ஆனால் உங்கள் இருவரில் அந்தப் பழைய வண்டியில் அமர்ந்திருந்தவர் தாங்கள் ஒருவரே.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. இன்றைய எஞ்சின்களில் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. அன்றைக்கு அந்த வேலையைச் செய்தது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, இருமி இருமிக் கிளம்பி, வண்டி முழுவதும் பெட்ரோல் வாசனை ஏறும். அந்த வாசனை புதிய வண்டியில் வராது. கதவே இல்லாத செவனில் கையைக் கீழே நீட்டினால் சாலையைத் தொடலாம். அதற்கேற்றபடி அன்றைய இருக்கை மெல்லிய மெத்தைதான். இன்றைய இருக்கை உடலைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. இவற்றுள் எதைத் தாங்கள் தேடினீர்கள் என்பது எனக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

ஒரு மாலை அவரை அருகே உட்கார வைத்து, நினைவுக்கு வருவதையெல்லாம் வரிசையில்லாமல் சொல்லுங்கள். எந்தக் கால் சுட்டது, தலைமுடியை எதனால் கட்டிக்கொண்டீர்கள், மேட்டில் ஏறும்போது தங்கள் கணவர் என்ன முணுமுணுத்தார் என்பது உட்பட எல்லாவற்றையும் அவர் எழுதிக்கொள்ளட்டும். கார்புரேட்டர் பொருத்துவதோ இருக்கையை மாற்றுவதோ, பதிவு விதிகள் இடம் கொடுத்தால், அவருக்கு ஒரு வார வேலை. வண்டி கட்டுகிறவர்கள் படங்களும் ரசீதுகளும் அடங்கிய கோப்பு ஒன்றை வைத்திருப்பார்கள். தாங்கள் சொன்னதை எழுதிய தாளையும் அந்தக் கோப்பிலேயே, முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.