‘கார் வராத பாதை’ என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள்

பிரான்ஸில் நதியோரமாகச் சைக்கிளில் சுற்றுவது பற்றி வந்திருந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். மகள் துலூஸில் வேலை பார்க்கிறாள். மே மாதம் அவளைப் பார்க்கப் போகும்போது ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற ஆசை. லுவார் நதிக்கரையில் ‘முழுக்கக் கார் இல்லாத பாதை’ என்று ஒரு பயண நிறுவனம் விளம்பரம் செய்கிறது. முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு வண்டிகளுக்கு நடுவே ஓட்டப் பயம். கட்டலாமா? — வாசகி, கோவை

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. முதலில் இரண்டு பிரெஞ்சு வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘வுவா வெர்த்’ என்றால் பசுமைப் பாதை. அந்த நாட்டுச் சாலை விதிப்படி அது மோட்டார் வண்டிகள் வரக்கூடாத பாதை. நடப்பவர், சைக்கிள், குதிரை வரைந்த நீலச் சதுரப் பலகை இருக்கும். ‘வெலோரூட்’ என்பது வேறு. அது நெடுந்தூரச் சைக்கிள் தடம். அதில் பசுமைப் பாதையும் வரும், போக்குவரத்து குறைந்த கிராமச் சாலையும் வரும். இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே படம்தான் போடுகிறார்கள், ஒரே வார்த்தைதான் எழுதுகிறார்கள்.

லுவார் தடம் இரண்டாவது வகை. நெவேர் ஊருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை சுமார் 900 கிலோமீட்டர். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரைமேல் போகும் சிறிய சாலையில்தான் ஓட்ட வேண்டும். வண்டிகள் குறைவு, ஆனால் உண்டு. பழகியவர்களுக்கு அது தொந்தரவே இல்லை. உங்களைப் போலப் பயம் உள்ளவருக்கு, பின்னால் ஒரு கார் ஒதுங்கி வரும் சத்தமே அன்றைய நாளைக் கெடுத்துவிடும்.

அதனால் அந்த நிறுவனத்துக்கு இப்படி எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை கிலோமீட்டர், அதில் வுவா வெர்த் எத்தனை, தார் எவ்வளவு, மண் அல்லது சரளை எவ்வளவு. பதில் எழுத்தில் வர வேண்டும். உருப்படியான நிறுவனம் என்றால் இந்தக் கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கும். ‘பெரும்பாலும் அமைதியான பாதை’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

உங்கள் மகள் துலூஸில் இருக்கிறாள் அல்லவா? அப்படியானால் லுவார் வரை போவானேன்? கரோன் கால்வாய் அவள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. அங்கிருந்து வடமேற்கே காஸ்தே வரை 193 கிலோமீட்டர், கரோன் நதியை ஒட்டியே போகிறது. கரைப் பாதை ஏறக்குறைய முழுக்கத் தார் போட்ட வுவா வெர்த். 193 கிலோமீட்டரில் தண்ணீர் இறங்குவது சுமார் 128 மீட்டர்தான். அந்த இறக்கமும் 53 நீர்ப்பூட்டுகளில், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளில், படிப்படியாக முடிந்துவிடும். இரண்டு பூட்டுகளுக்கு நடுவே தண்ணீர் மட்டம் ஒன்றுதான், பாதையும் அப்படியே. மூட்டு வலி உள்ளவருக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது.

பூட்டுக்குப் பக்கத்திலுள்ள காவலர் வீட்டுச் சுவரில் ஒரு பலகை பார்க்கலாம். முந்தைய பூட்டு எவ்வளவு தூரம், அடுத்தது எவ்வளவு தூரம் என்று மீட்டர் கணக்கில் எழுதியிருக்கும். நாங்கள் போனபோது அதைப் படிப்பதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் காலை ஊன்றி நின்றோம். அஜேன் ஊரில் இன்னொரு அதிசயம். 23 வளைவுகள் உள்ள 539 மீட்டர் கல்பாலத்தில் கால்வாயே ஏறி கரோன் நதியைக் கடக்கிறது. ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கால்வாய்த் தண்ணீர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கீழே ஆறு. சைக்கிளை விட்டு இறங்கி மெதுவாக நடந்து போங்கள்.

அப்புறம் ஒரு பெரிய வசதி, போர்தோ–துலூஸ் ரயில் பாதை இந்தக் கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. மர்மாந்த், அஜேன், முவாசாக், மோந்தோபான் என்று வழியெல்லாம் ஸ்டேஷன். மழையோ களைப்போ வந்தால் அன்றைக்கே ரயிலில் மகள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனால் இந்த வழியில் ஒரு வாரத் தொகுப்புப் பயணம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. சைக்கிளை வாடகைக்கு எடுங்கள், முதல் இரண்டு இரவுக்கு மட்டும் அறை போடுங்கள். அறை தேடும்போது ‘அக்கேய் வெலோ’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ள விடுதி தடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் ரிப்பேர் சாமானும் தரும்.

கேள்வி: கனால் து மிதி உலகப் புகழ் பெற்றது என்று படித்து, துலூஸிலிருந்து கடல் வரை போக மெல்லிய டயர் சைக்கிள் முன்பதிவு செய்துவிட்டேன். சரிதானே? — வாசகர், லண்டன்

பதில்: கால்வாய் சரி, டயர் சரியில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ரிக்கே என்பவர் வெட்டிய 240 கிலோமீட்டர் கால்வாய் அது. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் போல வழவழப்பான தார். அதைத் தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்தால் பாதை மாறிவிடும். சில இடங்களைச் செப்பனிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் மண், சரளை, கரையோரப் பிளேன் மரங்களின் வேர்கள். மழை பெய்தால் சேறு. நிழலையும் நம்ப முடியாது. அந்த மரங்களைப் பீடித்த பூஞ்சை நோய் 2006-இல் தெரியவந்த பிறகு ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். இளங்கன்றுகள் நிற்கும் நீண்ட வெட்டவெளிகளை இன்றும் பார்க்கலாம்.

வாடகைக் கடைக்கு இப்போதே எழுதி, அகலமான டயர் உள்ள சைக்கிளாக மாற்றிக் கேளுங்கள். இவ்வளவு முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். அல்லது திசையைத் திருப்பி கரோன் பக்கம் போங்கள். புகழ் குறைவு என்றாலும் உங்கள் டயருக்கு அதுதான் பொருத்தம்.

கேள்வி: என் பேட்டரி சைக்கிளையே விமானத்தில் கொண்டுபோகலாமா? — வாசகர், சென்னை

பதில்: சைக்கிள் போகும், பேட்டரி போகாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதியில்லை. சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் 400, 500 இருக்கும். அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அங்குள்ள விதிப்படி மோட்டார் 250 வாட்தான், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதன் உதவி நின்றுவிடும். கால்வாய்க் கரைக்கு இதுவே அதிகம்.

எடுக்கும்போது கடை வாசலிலேயே பிரேக்கை அழுத்திப் பாருங்கள். நம் சைக்கிளில் வலது கை முன்சக்கரத்துக்கு. அங்கே வழக்கமாக இடது கை முன்சக்கரத்துக்கு. பழக்கத்தில் இடது கையை இறுக்கினால் முன்சக்கரம் நின்று ஆள் குப்புற விழ நேரும். பத்து நிமிடம் காலி இடத்தில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள். சாலையில் வலது பக்கம் போக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். உயரம் குறைந்தவர்கள், காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள் குறுக்குக் கம்பி இல்லாத, நாம் லேடீஸ் சைக்கிள் என்று சொல்லும் வகையைத் தயங்காமல் கேளுங்கள். அங்கே ஆண்களும் அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது ஃபிரேமில் கீறல் என்று சொல்லி, காப்புத் தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கீறல் முன்பே இருந்தது. — வாசகர், டொரன்டோ

பதில்: எனக்கும் ஒருமுறை ஒரு சிறு ஊர்க் கடையில் இதே சங்கடம் வந்தது. சைக்கிளை வாங்கிய காலை, கடைப் பலகை தெரியும்படி எடுத்த நான்கு படங்கள் போனில் இருந்தன. பெடலுக்கு மேலே அந்தக் கீறல் அதில் தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரர் பார்த்தார், பேச்சை விட்டார், முழுத் தொகையையும் விடுவித்தார். படம் இல்லாமல் என் வார்த்தை மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

உங்களிடம் படம் இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். எடுக்கும்போது கையெழுத்திட்ட சைக்கிள் நிலைக் குறிப்பின் நகலையும், எந்த ரிப்பேருக்கு எவ்வளவு செலவானது என்ற ரசீதையும் எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் உங்கள் கார்டு வங்கியில் அந்தப் பற்றை எதிர்த்து மனுப் போடுங்கள். இனி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்புத் தொகையை அங்கே ‘கோசியோன்’ என்பார்கள். கார்டில் நிறுத்தி வைக்கிறார்களா, உண்மையிலேயே எடுத்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடக் கட்டணம் எவ்வளவு, திருட்டுக் காப்பீடு எப்படிப் பூட்டியிருந்தால் செல்லும் என்ற இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடம் இணையத்தில் தொகுப்புப் பயணம் வாங்கினேன். ஐரோப்பாவில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாமாமே? — வாசகி, சிங்கப்பூர்

பதில்: அந்த உரிமை பொருள்களுக்கு உண்டு. குறிப்பிட்ட தேதிக்குப் போட்ட அறைக்கும் பயணத்துக்கும் கிடையாது. உங்களைக் காப்பது ஒப்பந்தத்திலுள்ள ரத்து விதிகள்தான், அதை வரி வரியாகப் படியுங்கள். நிறுவனம் திவாலானால் பணம் திரும்ப வர, தொகுப்புப் பயணம் விற்பவர்கள் உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். பிரான்ஸில் இப்படி விற்பவர்கள் ‘அதூ பிரான்ஸ்’ என்ற அரசு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ‘ஐஎம்’ என்று தொடங்கும். உங்கள் ரசீதில் அது இருக்கிறதா?

கேள்வி: லியோனில் இருக்கிறோம். எட்டு வயது மகனோடு இரண்டு நாள் போக எது நல்லது? — வாசகர், லியோன்

பதில்: ரயிலில் ஷலோன் போய், பக்கத்திலுள்ள ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஓட்டுங்கள். பழைய ரயில் தடத்தின் மேல் 1997-இல் திறந்த 44 கிலோமீட்டர் பாதை. பிரான்ஸின் முதல் வுவா வெர்த் அதுதான். ரயில் ஏறிய தடம் என்பதால் ஏற்றம் இருந்தாலும் பையன் காலுக்குத் தெரியாது. அங்கே 12 வயதுக்குக் கீழ் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் அழைத்துப் போகும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம்.

க்ளூனியிலிருந்து மாக்கோன் பக்கம் நீட்டினால் 1.6 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று வரும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், மலை மேல் சுற்றித்தான் போக வேண்டும். கோடையில் திறந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கும், பையனுடைய ஸ்வெட்டரை மூட்டைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.